முதல் இலை யாருக்கு?

காலை 5.35. பூதப்பாண்டி. திருவனந்தபுரம் போகிறவர்கள் நாகர்கோவிலில் ரயில் ஏறுவதுதான் புத்திசாலித்தனம். நானும் அப்படித்தான் திட்டம் போட்டிருந்தேன். ஆனால் கூட வருவது என் மைனி. மறைந்த என் அண்ணனின் மனைவி, பகவதி. மைனி வீட்டை விட்டுக் கிளம்புவதென்றால் முதலில் ஆட்டுக்குப் பிலாக்குழை, அதாவது பலா இலைக்கொத்து, ஒடித்துப் போட வேண்டும், கோழிக்கூட்டைத் திறக்க வேண்டும், பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு நான்காவது முறையும் இழுத்தார். ரயில் போயே போய்விட்டது.

"செரி விடு, ரயிலு நம்மள நம்பியா ஓடுது? பஸ்ஸுல போவம்," என்றார், ஏதோ ரயில்தான் தவறு செய்துவிட்டதுபோல.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வடசேரி வரை பத்துக் கிலோமீட்டர், இரண்டு பக்கமும் வயல், மேற்கே மலை இன்னும் கறுப்பாக இருந்தது. மைனி மடியில் துணிப்பை. அதற்குள் தூக்குவாளியில் இட்லி, தேங்காய்த் துவையல், ஒரு சீப்பு மட்டிப்பழம், இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அந்த உறைக்குள் இருந்த ஒற்றைத் தாள்தான் இரண்டு மாதமாக எங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். பூதப்பாண்டியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி எங்கள் பூர்வீக வீடு. பதினொரு சென்ட். மைனி முப்பத்தாறு வருடமாக வாழும் வீடு. அண்ணன் போனபின் தனியாகத்தான் இருக்கிறார், மகள் மஸ்கட்டில். வீட்டின் கிழக்கே ஓர் ஓடை. எப்போதோ நடந்த மறு அளவையில் ஒரு கோடு மேற்கே தள்ளி விழுந்துவிட்டது. காகிதத்தில் வீடே ஓடைக்குள் போய்விட்டது. 'ஓடைப் புறம்போக்கில் உள்ள கட்டடத்தை ஏன் அகற்றக் கூடாது?' என்று கேட்டு வந்த நோட்டீஸ்தான் அந்தத் தாள். இன்று வெள்ளி. திங்கள் காலை பதினொரு மணிக்கு நாகர்கோவிலில் விசாரணை. அந்த இடம் தொன்றுதொட்டு எங்கள் குடியிருப்பு என்று காட்டும் பழைய ஆதாரம் ஏதாவது வேண்டும். வீட்டிலிருந்த பழைய பட்டாவைக் கறையான் தின்றுவிட்டது. பழைய சர்வே எண்ணும் அதோடு போயிற்று.

எங்கள் மாவட்டம் அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் ராஜ்யம். மொழிவாரிப் பிரிவினையில் நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம், எங்கள் பழைய காகிதங்களில் பல அந்தப் பக்கமே தங்கிவிட்டன. ஆகவே பூதப்பாண்டிக்காரி ஒருத்தி தன் வீடு தன்னுடையது என்று நிரூபிக்க மாநில எல்லை தாண்டி, கேரள அரசின் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

காலை 6.25. வடசேரி. திருவனந்தபுரம் பஸ், ஆளுக்கு எண்பது ரூபாய். இது எனக்கு இரண்டாவது பயணம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மூன்று வாரம் முன்பு நான் தனியாகப் போனேன். நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பத்தொரு வருடமாகப் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவள். விண்ணப்பத்தை அழகான கையெழுத்தில் நிரப்பி, வீட்டு உடைமையாளர் பெயர் என்ற இடத்தில் என் பூட்டனின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பூட்டன், தாத்தா, அப்பா, அண்ணன் என்று வம்சாவளிப் படம்கூட வரைந்து இணைத்திருந்தேன். பத்து நாளில் பதில் வந்தது: அந்தப் பெயரில் அந்த ஊரில் பதிவு எதுவும் இல்லை.

இம்முறை எதற்குப் போகிறேன் என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், சண்டை போடத்தான். சரியாகத் தேடவில்லை, இன்னொரு முறை தேடுங்கள் என்று மேசையைத் தட்டிக் கேட்பதாக உத்தேசம். வில்லுக்குறி வரைக்கும் அதைத்தான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

காலை 7.25. தக்கலை கடந்து அழகியமண்டபம். இங்கிருந்து வடக்கே பிரியும் சாலை மைனியின் ஊரான திருவட்டாற்றுக்குப் போகிறது. மைனி சன்னல் வழியாக அந்தச் சாலையை ஒரு நிமிடம் பார்த்தார். பிறந்த ஊர்ப் பக்கம் வந்தாலே அவர் பேச்சில் அந்த ஊர் ராகம் ஏறிவிடும்.

"எட்டாங்கிளாஸ் வரை அங்கதான் படிச்சேன். மலையாளப் பள்ளிக்கூடம். எனக்க அப்பன் சொல்லுவாரு, பெண்ணுக்கு எழுத்து போரும், கணக்கு வேண்டாமுன்னு. அதுனாலதான் ஒனக்க அண்ணன் என்னைய நல்லா ஏமாத்திச்சு."

"எங்க அண்ணன் ஏமாத்தலியே மைனி, நீங்கதான அவரை ஆட்டி வச்சீங்க."

"அது வேற," என்று இட்லியை எடுத்தார்.

காலை 7.45. மார்த்தாண்டம். நின்றது பஸ். அந்த ஊரில் மேம்பாலம் கட்டியும் கீழே நெரிசல் தீரவில்லை. முன்னால் ஒரு வாழைத்தார் லாரி, அதற்கு முன்னால் கண்ணுக்கெட்டியவரை வண்டிகள். கண்டக்டர் இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இனி அரை மணிக்கூறு ஆவும். சாயை குடிக்கணும்னா குடிச்சிட்டு வரலாம்," என்று அறிவித்தார். டீ பன்னிரண்டு ரூபாய். நான் இறங்கி இரண்டு வாங்கி வந்தேன். மைனி டீயை ஆற்றிக்கொண்டே, பொழுதுபோகாமல் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஏட்டி, அங்க நீ ஆருக்க பேரு எழுதிக் குடுத்த?"

"பூட்டன் பேருதான் மைனி. பூதலிங்கம்."

மைனி டீயைக் கீழே வைத்தார்.

"ஆடி அமாவாசைக்கு நான் வருசா வருசம் இலை போடுகேம்லா. முதல் இலை ஆருக்குட்டி?"

எங்கள் வீட்டு வழக்கம் அது. ஆடி அமாவாசையன்று முன்னோருக்கு உள் அறையில் வரிசையாக இலை போட்டு, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிச் சோறு வைப்பது. வைப்பது மைனி. நான் மதியம் போய்ச் சாப்பிடுவதோடு சரி.

"காரணவருக்கு," என்றேன்.

"காரணவருக்க பேரு?"

"சிதம்பரதாணு."

"பூதலிங்கத்துக்கு எத்தனாவது இலை?"

"ரெண்டாவது."

"பொறவு என்ன எளவுக்குட்டி ரெண்டாவது இலைக்காரருக்க பேரைக் கொண்டு குடுத்த?"

எனக்குத் தலையில் குட்டு விழுந்தது மாதிரி இருந்தது. வெளியூர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் நாஞ்சில் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் அந்தக் காலத்தில் வீடும் வயலும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது. தாய்மாமனிடமிருந்து அவருடைய சகோதரியின் மகனுக்குப் போகும். வீட்டின் மூத்த மாமன்தான் காரணவர், குடும்பத் தலைவர். சொத்துப் பதிவெல்லாம் அவர் பெயரில். பிற்பாடு சட்டம் மாறி எல்லாரும் அப்பா வழிக்கு வந்துவிட்டோம். மாறி நாலு தலைமுறை ஆனதில் எனக்கு இது கதையாகத் தெரியும், ஆனால் கை எழுதும்போது வரவில்லை. 'ஒருவர் தன் சொத்தை மூன்று மகன்களுக்கு 2:3:5 என்ற விகிதத்தில் பிரித்தளித்தார்' என்று கரும்பலகையில் எழுதி எழுதியே மூளை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பூட்டனுக்கு அப்புறம் வந்தவர்களைத்தான் படம் வரைந்தேனே தவிர, பூட்டனுக்கு அந்த வீடு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே இல்லை.

"இதை ஏன் மைனி மின்னமே சொல்லல?"

"நீ கேட்டியா? டீச்சருல்லா, எல்லாம் தெரியும்னு நெனச்சேன்."

எங்களுக்கு முன் இருக்கையில், துணிக்கடைச் சீருடை போட்ட ஒரு பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள் போலும். திரும்பி என்னைப் பார்த்து, "அந்த அக்கா சொல்லியது ஞாயந்தானே?" என்றாள். பஸ்ஸில் எனக்கு ஆதரவாக யாரும் இல்லை. ஆனால் மூன்று வாரத்தில் முதல்முறையாக எனக்கு நன்றாக மூச்சு விட முடிந்தது. காப்பகத்தின் மேல் பழி போடத் தயாரித்த வசனங்களையெல்லாம் மார்த்தாண்டத்திலேயே இறக்கி வைத்தேன்.

காலை 8.20. பஸ் நகர்ந்தது. குழித்துறைப் பாலத்தில் ஆறு நிறையத் தண்ணீர். களியக்காவிளை தாண்டியதும் கடைப் பலகைகள் மலையாளத்துக்கு மாறின. மைனி சிறுபிள்ளை போல ஒவ்வொரு பலகையாக வாய்விட்டு வாசித்துக்கொண்டே வந்தார். பேக்கரி, டயர் கடை, பல் மருத்துவர். நாற்பத்தெட்டு வருடமாகத் தொடாத எழுத்து. எனக்கோ ஓர் எழுத்துகூடத் தெரியாது. பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம். தம்பானூரில் இறங்கும்போது மணி பத்து. ஆட்டோ ஐம்பது ரூபாய்.

காலை 10.20. ஆவணக் காப்பகம். வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தூக்குவாளியைத் தர மைனி சம்மதிக்கவில்லை. உள்ளே இட்லி கொண்டுபோனால் எறும்பு வரும், எறும்பு வந்தால் காகிதம் போகும் என்று காவலர் பொறுமையாக எடுத்துச் சொன்னபின் கொடுத்தார். என் பேனாவையும் வாங்கிக்கொண்டார்கள். உள்ளே பென்சில் மட்டும்தான். முப்பத்தொரு வருடம் சிவப்புப் பேனாவோடு திரிந்தவளுக்குக் கை வெறிச்சென்று இருந்தது.

வாசிப்பறைக்குப் போகும் நடையில் கண்ணாடி அலமாரிகள். உள்ளே எழுதிய பனையோலைகளை ரிப்பன்போலச் சுற்றி உருளை உருளையாக வைத்திருந்தார்கள். சுருணை என்று பெயர். ஒவ்வொன்றும் ஒரு சப்பாத்திக்கட்டை கனம். கோவில் செலவு, அரண்மனை உத்தரவு, எல்லைத் தகராறு எல்லாம் அதற்குள் இருக்கின்றனவாம். காகிதம் வந்த பிறகு துணி சுற்றிய கட்டுகள். அலமாரிக்கு மேல் அலமாரியாக, கூரை வரைக்கும் சிவப்புத் துணி. இத்தனை பேரின் வீடும் வயலும் வழக்கும் இங்கே இருக்கின்றனவே என்று நினைத்தபோது, எங்கள் பதினொரு சென்ட்டும் இதில் எங்கோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் என்று ஓர் ஆசை வந்தது. உடனே பயமும் வந்தது. இதுவும் இல்லையென்றால்?

மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலரின் பெயர் ஷீபா. முப்பது வயதிருக்கும். போன முறையும் இவர்தான். என்னை அடையாளம் கண்டு, சங்கடமாகச் சிரித்தார்.

"டீச்சர், ஆ பேரு இல்லல்லோ." அந்தப் பெயர் இல்லையே என்கிறார்.

"இல்லை, தப்பு என்மேலதான். வேற பேரு கொண்டாந்திருக்கேன்," என்றேன். மைனி இடையில் புகுந்து, தன் திருவட்டாற்று மலையாளத்தில் காரணவர் கதையை முழுவதும் சொல்லிவிட்டார். ஷீபா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, சேச்சி, அது ஆதியமே பறயண்டே?" அதை முதலிலேயே சொல்ல வேண்டாமா என்று கேட்கிறார். மைனி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

காலை 11.40. நில அளவைக் காலத்துப் பதிவேடுகள் எங்கள் ஊருக்கு மூன்று கட்டு. பணியாளர் ஒருவர் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, துணியை அவிழ்த்து, முதல் கட்டை எங்கள் முன் வைத்தார். பழுப்புத் தாள், ஓரமெல்லாம் அரித்து, நடுவில் கறுப்பு மை இன்றைக்கு எழுதியதுபோல. கொல்லம் ஆண்டுக் கணக்கு, மலையாள எழுத்து. விரல் வைக்கக் கூடாது, ஒரு காகிதத் துண்டை வரிக்குக் கீழே நகர்த்தி வாசிக்க வேண்டும். எட்டாங்கிளாஸ் மைனி வாசித்தார். இரண்டு பட்டம் வாங்கிய நான் காகிதத் துண்டை நகர்த்தினேன்.

முதல் கட்டில் இல்லை. மைனி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது கட்டில் பாதி தாண்டியும் இல்லை. சிதம்பரதாணு என்று இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு வயல், இன்னொருவர் வேறு தெரு. மைனியின் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று.

"இல்லேன்னா என்ன செய்யணுட்டி?" என்று வரியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "மஸ்கட்டுக்குப் போணுமோ? அங்க ஃபிளாட்டுல ஆட்டை எங்க கெட்டுகது?"

"எங்க வீடு இருக்கு மைனி. ஆட்டையும் கூட்டிக்கிட்டு வாங்க."

"ஒனக்க வீட்டுல ரெண்டு நாளு இருந்தா நாம ரெண்டுபேரும் மண்டைய ஒடைச்சுக்குவோம்," என்றார். சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். போனவர் நின்றுவிட்டார்.

"சி... தம்... பர... தாணு."

நான் காகிதத் துண்டை அசைக்கவில்லை.

"அனந்திரவன் பூதலிங்கம்." அனந்திரவன் என்றால் காரணவரின் வாரிசான சகோதரி மகன். இரண்டு இலைக்காரர்களும் ஒரே வரியில் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மைனி தொடர்ந்து வாசித்தார். "புரையிடம். ஓட்டுவீடு ஒண்ணு. தெங்கு பதினாலு. பிலாவு ரெண்டு. கிழக்கு எல்லை... கிழக்கு எல்லை, தோடு."

தோடு என்றால் ஓடை. புரையிடம் என்றால் குடியிருப்பு மனை. ஓடை எங்கள் மனைக்கு எல்லை, அதற்கு வெளியே ஓடுகிறது. எங்கள் வீடு ஓடைக்குள் இல்லை. எவரோ ஓர் எழுத்தர் எங்கள் வீட்டு வாசலில் நின்று மரத்தையெல்லாம் எண்ணி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

"பிலாவு ரெண்டு!" என்று மைனி கத்தினார். வாசிப்பறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. "ஏட்டி, ஒண்ணை வெட்டித்தான் எங்க கல்யாணத்துக்கு வாசக்கதவு செஞ்சது. மத்தது நிக்கில்லா! இன்னைக்குக் காலம்பற அதுலதான குழை ஒடிச்சேன்!"

அமைதி காக்கவும் என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து நாங்கள் இருவரும் அழுதோம். ஷீபா வந்து பார்த்துவிட்டு, முதலில் பதிவேட்டை எங்கள் கண்ணீர் படாத தூரத்துக்கு நகர்த்தினார். அப்புறம்தான் சிரித்தார்.

பிற்பகல் 1.15. சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பம். வழக்கமாகச் சில நாள் ஆகுமாம். திங்கள் விசாரணை என்ற நோட்டீசைக் காட்டினோம். ஷீபா அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், பத்து நிமிடத்தில் வந்து, நாலு மணிக்கு வரச் சொன்னார். வெளியே வந்து தூக்குவாளியை மீட்டோம். இட்லி போதவில்லை. எதிர்ச் சாரியில் ஓர் உணவகத்தில் சாப்பாடு, எழுபது ரூபாய். குண்டுச் சோறு, சாம்பார், அவியல், மோர். மைனி மூன்று முறை சோறு வாங்கினார். இரண்டு மாதமாக அவர் இப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

மாலை 4.10. முத்திரையும் கையெழுத்தும் வைத்த இரண்டு தாள்கள். மைனி தன் கையாலேயே வாங்கிப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். நோட்டீஸ் கீழே, நகல் மேலே. ஷீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மோளே, சக்கை பழுக்கும்போ ஒண்ணு கொண்டுவரும்," என்றார். நான் பக்கத்தில் நின்றவள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பலாப்பழம் சுமந்துகொண்டு இரண்டு பஸ் மாறி வரப்போவது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாலை 5.00. திரும்பும் பஸ். இதே சாலைதான், காலையில் பார்த்தபோது இவ்வளவு அழகாக இல்லை. மைனி பாறசாலைக்குள் பக்கத்து இருக்கைக்காரர்கள் அனைவருக்கும் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். மார்த்தாண்டத்தில் மறுபடி நெரிசல். இந்த முறை எவ்வளவு நேரம் நின்றாலும் எங்களுக்குக் கவலையில்லை. சன்னல் வழியாக நாற்பது ரூபாய்க்கு ஏத்தங்காய் வற்றல், உங்கள் ஊரில் நேந்திரங்காய் சிப்ஸ், வாங்கிக் கொறித்தோம்.

தக்கலை வரும்போது மைனி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் நினைத்துக்கொண்டு வந்தேன். சிதம்பரதாணுவிடமிருந்து பூதலிங்கத்துக்கு அந்த வீடு வந்தது, இடையில் ஒரு பெண் இருந்ததால். ஒருவருக்குச் சகோதரி, இன்னொருவருக்கு அம்மா. வீடு அவள் வழியாகத்தான் எங்களிடம் வந்திருக்கிறது. பலாமரத்தை எண்ணி எழுதியவர் அவள் பெயரை எழுதவில்லை. எங்கள் வீட்டிலும் அவளுக்கென்று தனி இலை கிடையாது. அவள் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு இருந்த சந்தோஷத்திலும் அது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

திங்கள், காலை 11.30. நாகர்கோவில். விசாரணை அதிகாரி நகலை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். மைனிதான் படித்தார், இப்போது தட்டுத் தடங்கல் இல்லாமல். சர்வேயர் வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "தோட்டை எல்லையா வச்சா வீடு வெளியதான் சார் வருது," என்றார்.

அதிகாரி தலையாட்டினார். நோட்டீசைக் கைவிட்டு, எல்லையைத் திருத்தச் சொல்லிக் குறிப்பு எழுதினார். எழுதிக்கொண்டே கேட்டார்.

"திருத்தும்போது பட்டா யார் பேருக்கும்மா? இறந்துபோன உங்க வீட்டுக்காரர் பேர்லயே கிடக்கு."

மைனி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்துச் சொன்னேன். "பகவதி பேருக்கு சார். மகள் மஸ்கட்டிலிருந்து எழுதி அனுப்பியிருக்கா. நான் அவர் நாத்தனார், என் சம்மதமும் இதோ." ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, சிவப்புப் பேனாவைத் தவிர்த்து, நீலத்தில் எழுதிய தாளை நீட்டினேன். மைனிக்கு நான் இதைச் சொல்லியிருக்கவில்லை. அவர் துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

படியிறங்கும்போது மணி ஒன்று. வெயில் கொளுத்தியது. மைனி அப்போதும் பையின் காதை விடவில்லை. விளையாட்டாகச் சொல்வதுபோலச் சொன்னேன்.

"இனி அந்த வீட்டுல எவ இலை போட்டாலும், உங்களுக்குப் பொறவு, முதல் இலை உங்களுக்குத்தான் மைனி."

மைனி நின்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு என் முழங்கையைப் பிடித்து, சாலைக்கு எதிரே தெரிந்த சாப்பாட்டுக் கடையைப் பார்த்து இழுத்தார்.

"அதுவரைக்கும் ஆரு காத்துக் கெடப்பா? இப்பமே வாங்கிப் போடுட்டி. பசிக்கி."